மகஜர் சாட்சி சாமியப்பன்

சாமியப்பன் பத்தொன்பது வருஷம் போலீஸ் மகஜர்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். அதற்காக ஒரு தடவைகூடத் தன் கடையை விட்டு எழுந்து போனதில்லை.

இதை அவரே என்னிடம் சொன்னார். நான் அவருடைய வக்கீல் அல்ல. அவர் சொன்ன பொய் சாட்சியால் தண்டனை வாங்கிய அழகுமலையின் வக்கீல். அந்தக் கேஸில் நானும் தலைநிமிர்ந்து சொல்ல முடியாத ஒன்று உண்டு. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

திருப்பூர் நகரத்தின் ஓரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷன். பெயர் வேண்டாம். அதன் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித்தான் சாமியப்பனின் ஜெராக்ஸ் கடை. புகார் எழுத வருபவர்கள், பாஸ்போர்ட் விசாரணைக்கு வருபவர்கள், செல்போன் தொலைந்துபோனதென்று பதிவுசெய்ய வருகிற பனியன் கம்பெனித் தொழிலாளிகள் எல்லாருக்கும் அங்கேதான் டைப்பிங், அங்கேதான் நகல். கடை போட்ட புதிதில் ஓர் ஏட்டு ஒரு தாளோடு வந்தார். "சாமியப்பா, இதுல ஒரு கையெழுத்துப் போடு. சும்மா ஒரு பார்மாலிட்டி."

போலீஸ் ஓர் இடத்தைச் சோதனை போட்டு ஏதாவது பொருளைக் கைப்பற்றினால், எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி எடுத்தோம் என்று அங்கேயே எழுதி, கூட நின்று பார்த்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தாள்தான் மகஜர். ஏட்டு கொண்டுவந்த மகஜரில் எழுதியிருந்த இடம் சாமியப்பனுக்குத் தெரியாது. எடுத்ததாகச் சொன்ன பொருளையும் அவர் பார்க்கவில்லை. போட்டுக்கொடுத்தார்.

"பயந்துட்டுத்தான் போட்டனுங்க, மொதல்ல. சொவரு அவங்க சொவரு. கடையைத் தூக்குன்னா தூக்கோணுமில்லீங்களா. ஆனா போகப்போக பயமெல்லாம் இல்லீங்க, வக்கீலம்மா. சாமியப்பண்ணன் ஸ்டேஷனுக்கு வேண்டியவருன்னு நாலு பேரு சொல்லுவாங்க. கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சு. அதுக்குத்தான் போட்டேன்."

2019-இல் ஒரு நிட்டிங் கம்பெனியில், மிஷினுக்குப் போடுகிற ஊசிப் பெட்டிகள் காணாமல்போயின. வெளிநாட்டு ஊசி, கையடக்கமான பெட்டி, வெளியே எளிதாக விற்றுவிடலாம். அங்கே ஆப்பரேட்டராக இருந்த அழகுமலையைப் பிடித்தார்கள். கமுதிப் பக்கத்துக்காரர். மனைவி பாண்டியம்மாள் இன்னொரு கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலையில் இருந்தாள். 'எதிரியின் வீட்டில், கட்டிலுக்கு அடியிலிருந்து ஆறு பெட்டிகள் கைப்பற்றப்பட்டன' என்று மகஜர் எழுதப்பட்டது. கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். இரண்டாம் சாட்சி சாமியப்பன். முதல் சாட்சி ஸ்டேஷனுக்கு டீ கொண்டுவருபவர். விசாரணைக்கு வருமுன்பே அவர் இறந்துபோனார்.

இரண்டு வருஷம் கழித்துச் சாமியப்பன் கூண்டில் ஏறினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. அரசு வக்கீல் கேட்கக் கேட்க, மகஜரில் உள்ளதை அப்படியே சொன்னார். ஸ்டேஷனில் முந்தின நாள்தான் படித்துக்காட்டியிருந்தார்கள்.

"எங்கிருந்து எடுத்தார்கள்?"

"கட்டலுக்கு அடியில இருந்துங்க. நான் பார்த்தனுங்க."

எதிரி நிற்கிற இடத்திலிருந்து அழகுமலை சத்தம் போட்டார். "எங்க வீட்டுல கட்டிலே இல்லய்யா! பாயிலதான்யா படுக்கோம்!"

கோர்ட்டில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். மாஜிஸ்டிரேட் மேஜையைத் தட்டினார். "உங்க வக்கீல் பேசுவாங்க. நீங்க பேசக் கூடாது."

அந்த வக்கீல் நான். எழுந்து குறுக்கு விசாரணை செய்தேன். "நீங்கள் சம்பவ இடத்துக்குப் போகவே இல்லை, போலீஸுக்காகப் பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்று சொல்கிறேன்." அவர், "சரியல்லங்க" என்றார். எங்கள் தொழிலில் தினமும் கேட்கிற கேள்வி, தினமும் வருகிற பதில். வீட்டின் கதவு எந்தத் திசை, எத்தனை அறை, கட்டில் மரமா இரும்பா என்று கேட்டிருந்தால் அவர் அன்றைக்கே தடுமாறியிருப்பார். நான் கேட்கவில்லை. அழகுமலையின் வீட்டை நான் போய்ப் பார்த்ததே இல்லை. கட்டில் இல்லை என்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்துக் கோர்ட்டில் இன்னொரு கேஸ் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடினேன்.

அழகுமலைக்கு ஒரு வருஷம் தண்டனை ஆயிற்று. அப்பீல் போட்டுத் தண்டனையை நிறுத்தி வைத்தோம். அப்பீல் செஷன்ஸ் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தாவாகக் கிடந்தது.

இப்படி இருக்கும்போதுதான் சட்டம் மாறியது. வெள்ளைக்காரன் காலத்து இந்தியத் தண்டனைச் சட்டம், அதோடு சேர்ந்த நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய், 2024 ஜூலை முதல் தேதி புதிதாக மூன்று வந்தன. இந்திப் பெயர்கள். நாங்கள் கோர்ட்டைப் புறக்கணித்து வெளியே நின்று கோஷம் போட்டோம். உள்ளே திரும்பி வந்ததும் எண்களை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தோம். முந்நூற்று இரண்டு நூற்று மூன்றாகிவிட்டது. நானூற்று இருபது என்று ஊரே திட்டிக்கொண்டிருந்தது, அது முந்நூற்றுப் பதினெட்டு.

சாமியப்பன் கடையில் அந்த மாதம் நல்ல கூட்டம். பழைய பிரிவு ஒரு பக்கம், புதுப் பிரிவு ஒரு பக்கம் போட்ட அட்டவணையை யாரோ கொடுத்துவிட்டுப் போக, அதை நகல் எடுத்து லேமினேஷன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர்களும் வாங்கினார்கள், வக்கீல்களும் வாங்கினார்கள். எடுக்கும்போது அவர் கண் ஒரு வரியில் விழுந்தது. பொய் சாட்சி: பழையது 193, புதியது 229. தண்டனை இரண்டிலும் ஏழு வருஷம் வரை.

"இத்தன மாத்துனவங்க இத மாத்தலையேன்னு நெனச்சனுங்க. நெனச்சுட்டு அடுத்த தாளை வெச்சுட்டேன்."

செப்டம்பரில் ஒரு காலை, எஸ்.ஐ. நதியா கடைக்கு வந்தார். அந்த ஸ்டேஷனுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். "அண்ணா, ஒரு வீட்டுல சோதனை இருக்கு. சாட்சிக்கு நீங்க வரணும்."

சாமியப்பன் சிரித்தார். "நான் எதுக்குங்கம்மா அலஞ்சுக்கிட்டு? முடிச்சுட்டு மகஜரைக் கொண்டாங்க, போட்டுடறனுங்க."

"இப்ப அப்படி முடியாதுண்ணா. சோதனை ஆரம்பிக்கிறதுல இருந்து நீங்க கையெழுத்துப் போடுற வரைக்கும் செல்போன்ல வீடியோ எடுத்து மாஜிஸ்டிரேட்டுக்கு அனுப்பணும். புதுச் சட்டம். உங்க முகம் அதுல தெரியணும்."

போகாமல் இருக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள். ஏழாவது அறையில் ஆரோக்கியராஜ், டெய்லர். தூத்துக்குடிப் பக்கம் ஊர். கம்பெனி லாக்கரில் இருந்த செல்போன்கள் திருட்டுப்போனதில் அவர்மேல் சந்தேகம். அவரை வாசலில் நிறுத்தினார்கள். அவர் மனைவி விஜயராணி, இடுப்பில் குழந்தையோடு சுவரோரமாக ஒதுங்கினாள். ஒரு காவலர் செல்போனை உயர்த்திப் பிடித்தார். "சாட்சிகள் பேரும் முகவரியும் சொல்லுங்க."

சாமியப்பன் சொன்னார்.

பத்துக்குப் பத்து அறை. அரிசி டப்பாவைக் கொட்டினார்கள். வேளாங்கண்ணி மாதா படத்தைக் கழற்றிப் பின்னால் பார்த்தார்கள். துணிமூட்டையைப் பிரித்தபோது விஜயராணியின் உள்ளாடைகள் தரையில் விழுந்தன. அவள் குனிந்து எடுக்கப்போனாள். எடுக்கக் கூடாது, வீடியோ ஓடுகிறது என்றார்கள். ஆரோக்கியராஜ் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சாமியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

விஜயராணி அவரைக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, தலையக் குனியாதீங்க. நல்லாப் பாத்துக்கிடுங்க. எங்க வீட்ல என்ன இருக்கு, என்ன இல்லன்னு உங்க கண்ணாலயே பாத்துக்கிடுங்க. பொறவு இல்லாததச் சொல்லிராதீங்க."

அவளுக்கு அவரை யாரென்று தெரியாது. சாட்சியென்று வந்த யாரிடமும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அவர் தலையை நிமிர்த்தினார். முக்கால் மணி நேரம் தேடினார்கள். ஒன்றும் இல்லை. எஸ்.ஐ. நதியா செல்போனை அவர் பக்கம் திருப்பச் சொன்னார். "என்ன கெடைச்சுதுன்னு சொல்லுங்கண்ணா."

"எதுவும் கெடைக்கலீங்க."

கையெழுத்துப் போட்டார். எதுவும் கைப்பற்றப்படவில்லை என்று எழுதிய தாளில் அவர் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் அவர் போட்டவை எல்லாவற்றிலும் ஏதாவது கிடைத்திருந்தது.

அன்றைக்கு அவர் கடையைத் திறக்கவில்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்து படுத்தவரிடம் மனைவி மருதம்மாள் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். கோர்ட்டில் சிரித்தவர்களோடு சேர்ந்து அன்றைக்குத் தானும் லேசாகச் சிரித்தது ஞாபகம் வந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அழகுமலை இப்போது எங்கே என்று விசாரித்துக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. திருட்டுக் கேஸ் ஆள் என்று பனியன் கம்பெனிகள் சேர்க்காததால் அவர் சாமளாபுரத்தில் ஒரு தறிக் குடோனில் வேலைக்கு இருந்தார். சாமியப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனார். பழம் வாங்கினார். பிறகு, அதை எந்த முகத்தோடு கொடுப்பது என்று பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே வைத்துவிட்டு நடந்தார்.

பாண்டியம்மாள்தான் கதவைத் திறந்தாள். "யாரு வேணும்?"

உள்ளேயிருந்து அழகுமலை வந்தார். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். மனைவியிடம் சொன்னார், "இவருதான் கட்டிலுக்காரரு."

அந்த வீட்டில் சாமியப்பனுக்கு மூன்று வருஷமாக அதுதான் பெயர் போலிருக்கிறது. பாண்டியம்மாள் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

"நான் அன்னிக்கு உங்க ஊட்டுக்கு வரவே இல்லீங்க" என்றார் சாமியப்பன்.

"அது எனக்குத் தெரியுமே. என்னட்ட எதுக்குச் சொல்றீக?"

"மன்னிச்சிருங்க."

அழகுமலை தறிச் சத்தத்தில் இருந்து பழகியவர், சத்தமாகத்தான் பேசுவார். அன்றைக்கு மெதுவாகப் பேசினார். "ஜாமீன் கெடைக்கிற வரைக்கும் எழுபத்திநாலு நாளு உள்ள இருந்தேன். அம்பதாவது நாளோ என்னமோ, ஊர்ல எங்க அய்யா செத்துப்போனாரு. நான் மூத்தவன். எந்தம்பி கொள்ளி வச்சான். எனக்குச் சேதி வந்தது மூணாம் நாளு. இதுல எத நான் மன்னிக்க? நீங்க கோர்ட்ல சொன்னீக. கோர்ட்லயே போய் மாத்திச் சொல்லுங்க."

கதவைச் சாத்தவில்லை. ஆனால் உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாமியப்பன் என் ஆபீசில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மேலே நான் எழுதியதையெல்லாம் நின்றுகொண்டே சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு முகம் சுட்டது. அந்த வீட்டுக்குப் போகாதவர் அவர் மட்டும் இல்லையே.

"நீங்க எதிர்த் தரப்புச் சாட்சி. என்கிட்ட வரக் கூடாது. தனியா ஒரு வக்கீல் வெச்சுக்குங்க" என்றேன். "இதச் சொன்னா உங்கமேல பொய் சாட்சி கேஸ் வரலாம். தெரியுமா?"

"தெரியுமுங்க. புதுச் சட்டத்துல போடுவாங்களா, பழசுலயாங்க?"

"நீங்க சொன்னப்ப இருந்தது பழசு. அதுலதான். அழகுமலையோட அப்பீலும் பழைய சட்டப்படிதான் நடக்கும். ஜூலை ஒண்ணுக்கு முன்னாடி நடந்தது எதையும் இந்தப் புதுச் சட்டம் திருத்தாது."

"அப்ப அன்னிக்கு வீடியோ எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "இல்லீங்க. எங்கிட்டக் கண்ணு இருந்துச்சே" என்றார்.

மருதம்மாள் அழுது சண்டை போட்டாள். "உங்கள யாரு கேட்டா? ஊருல பொய் சொல்லாதவன் ஆரு? நாளைக்கு நான் கோயிலுக்குப் போனா நாலு பேரு என்னன்னு கேப்பாங்க?" வேறொரு வக்கீல் மூலம், நடந்ததை ஒத்துக்கொள்ளும் அபிடவிட் தயாரானது. அதை அவர் தன் கடையில் டைப் செய்யாமல், காதர்பேட்டையில் தெரியாத ஒரு கடைக்குப் போய் அடித்துக்கொண்டு வந்தார்.

அப்பீலில் கூடுதல் சாட்சியம் எடுக்க மனுப் போட்டேன். அரசுத் தரப்பு கடுமையாக எதிர்த்தது. நீதிபதி அனுமதித்தார். பிப்ரவரியில் சாமியப்பன் மறுபடியும் கூண்டில் ஏறினார். இந்தத் தடவை விபூதி இல்லை. சம்பவ இடத்துக்குப் போகவில்லை, கடையில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னார்.

அரசு வக்கீல் எழுந்தார். "முன்பு சத்தியம் செய்து சொன்னது உண்மையா, இப்போது சத்தியம் செய்து சொல்வது உண்மையா?"

"இப்பச் சொல்றதுங்க."

"அப்படியானால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லக்கூடிய ஆள் நீங்கள்?"

"ஆமாங்க."

"வேறு எத்தனை மகஜர்களில் இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?"

அவர் விரல் மடக்கிப் பார்த்தார். கோர்ட்டில் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அழகுமலை பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலீங்க" என்றார் சாமியப்பன்.

நீதிபதி அதைச் சொல்லி எழுதவைத்தார்: 'எத்தனை என்று எனக்குத் தெரியாது.'

ஜூனில் தீர்ப்பு. அழகுமலை விடுதலை. ஆனால் சாமியப்பன் உண்மை சொன்னதாகத் தீர்ப்பில் எங்கும் இல்லை. 'இந்தச் சாட்சி முற்றிலும் நம்பத்தகாதவர். அவர் முன்பு சொன்னதையும் பின்பு சொன்னதையும் இந்த நீதிமன்றம் ஏற்கவில்லை' என்று இருந்தது. அவர் சாட்சியம் போய்விட்டதால் கைப்பற்றியது நிரூபணமாகவில்லை, சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. அழகுமலைக்கு அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். "நான் திருடலன்னு போட்டுருக்காங்களா?" என்று கேட்டார். அப்படிப் போடவில்லை என்றேன். தீர்ப்பு நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். வராந்தாவில் சாமியப்பன் கைகூப்பி நின்றார். அழகுமலை நின்று, அவரைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார்.

பொய் சாட்சிக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று சாமியப்பனுக்கு நோட்டீஸ் வந்தது. செய்தேன் என்று எழுதிக்கொடுத்தார். தானாக முன்வந்து ஒத்துக்கொண்டதால் கண்டித்து விடுவதாக நீதிபதி உத்தரவு போட்டார். மருதம்மாள் அன்றைக்கே பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டாள். அவர் போகவில்லை.

"ஒரு மாசமாவது உள்ள போட்டிருந்தாத் தேவலீங்க" என்றார் என்னிடம். "விட்டுட்டாங்கன்னு ஆளுக கை குடுக்கறாங்க. கூசுதுங்க."

ஸ்டேஷன் ஆட்கள் இப்போது அவர் கடைக்கு வருவதில்லை. சுவரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவராகவே கடையை வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டார். ஆரோக்கியராஜ் மேல் கேஸ் எதுவும் போடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

'தெரியலீங்க' என்று சொன்னது மட்டும் அவரை விடவில்லை. தன் கையெழுத்து இருக்கிற பழைய கேஸ்களைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டு என் ஆபீசுக்கு நடந்தார். கோர்ட்டில் நகல் மனுப் போட்டுப் போட்டு இதுவரை ஒன்பது கேஸ் கண்டுபிடித்திருக்கிறோம். அதில் இரண்டு நான் ஆஜரான கேஸ். அவற்றிலும் நான் அதே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறேன், அவர் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒன்பதில் ஒருவர் பெருமாள்சாமி. கொமரலிங்கத்துக்காரர். கஞ்சா வைத்திருந்ததாக 2014-இல் கேஸ், தண்டனை முடித்து ஊருக்குப் போனவர். போன மாதம் சாமியப்பன் அவரைத் தேடிப் போனார். திரும்பி வந்த மறுநாள் என் எதிரே உட்கார்ந்தார். நான் சொல்லாமலே உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"பாத்தீங்களா?"

"அவரு செத்து மூணு வருசமாச்சுங்க. அவுங்கம்மா இருந்தாங்க. பெரியாத்தாளுன்னு பேரு. பையனோட கூட்டாளின்னு நெனச்சுட்டாங்க. வெயில்ல வந்திருக்கறயே சாமி, உக்காருன்னு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க."

"நீங்க சொல்லிட்டீங்களா?"

அவர் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க, வக்கீலம்மா. தண்ணியக் குடிச்சுட்டு வந்துட்டேன்."

கொமரலிங்கத்துக்குப் பஸ் எத்தனை மணிக்கு இருக்கிறது, நானும் வருகிறேன் என்றேன்.